இழுத்து ராவிய சாவி

வக்கீலம்மா முதல் தடவை வந்தபோதே வீட்டுச் சாவியைக் கேட்டார்.

அன்று காலையிலிருந்து மழை விடவில்லை. ஸ்கூட்டரைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, கறுப்பு அங்கியை பாலிதீன் பையில் சுற்றி மார்போடு அணைத்தபடி நடந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் வாசலில் நின்றார். உள்ளே தரை முழுக்க ரெக்சின் துண்டுகள், நூல், ஜிப் பற்கள். அக்கா பை தைக்கிறவர். மொத்தக் கடைக்காரர் வெட்டிய துணியைக் கொடுத்துவிட்டுப் போவார். வாரத்துக்கு அறுபது பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கொடுக்க வேண்டும். புருஷன் சிறைக்குப் போன பிறகும் அந்த அறுபது குறையவில்லை.

நான் அந்த வீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருக்கிறேன். தண்ணீர் வரி அலுவலகத்தில் வேலை. காகிதம் படிக்கத் தெரிந்தவன் என்பதால் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அக்காவின் அண்ணன், பிஸ்கட் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், கதவோரம் நின்றார். அவர் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வக்கீலம்மா நீதிமன்றம் கொடுத்தவர். வக்கீல் வைக்க வசதி இருக்கிறதா என்று நீதிபதி கேட்டிருக்கிறார். அக்காவின் புருஷன், தெருவோரம் சாவி போடுகிற சாவிக்காரர், இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். பட்டியலில் அடுத்திருந்த பெயரை நீதிபதி எழுதினார். அவ்வளவுதான்.

“உங்க வீட்டுக்காரர் கையால போட்ட சாவி ஏதாவது வீட்ல இருக்கா?”

“எதுக்கு?” என்றார் அக்கா.

“பாக்கணும்.”

“பாத்து?”

வக்கீலம்மா சிரித்தார். அதை அந்த அறையில் யாரும் ரசிக்கவில்லை. “இந்த வாசக்கதவுச் சாவி அவர் போட்டதுதானே?”

அக்கா கழுத்தில் கயிற்றோடு தொங்கிய சாவியை ரவிக்கைக்கு வெளியே எடுத்தார். கயிற்றைக் கழற்றவில்லை. வக்கீலம்மா அக்காவின் கழுத்தருகே குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாவியை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும்.

“இதை ரெண்டு நாள் என்கிட்ட குடுக்க முடியுமா?”

“முடியாது.”

“பத்திரமா திருப்பித் தந்துடுவேன்.”

“திருப்பித் தருவீங்க. அது தெரியும்” என்றார் வேன்காரர் கதவோரத்திலிருந்து.

வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் சாவி என்றால் வேறு மாதிரி. சாவிக்காரர் வாடிக்கையாளர் கண்முன்னால்தான் வேலை செய்வார். மூலச்சாவியை ஒரு கணம்கூட அவர்கள் பார்வைக்கு மறைவாக வைக்கமாட்டார். முடித்ததும் பலகையிலோ தரையிலோ வைக்காமல் உள்ளங்கையில் வைத்து, அவர்களுடைய விரல்களை அவரே மூடிவிடுவார். நான் குடிவந்த வாரம் அவரிடம் ஒரு சாவி போட்டேன். அப்போது சொன்னார்: “தம்பி, யாராவது சாவியை வாங்கிப் பாத்துட்டு உடனே திருப்பிக் குடுத்தாதான் பயப்படணும். ஒரு சோப்புக்கட்டி இருந்தா அச்சு எடுக்க அரை நிமிஷம் போதும்.”

வக்கீலம்மா இன்னும் சில கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டார். டீ வேண்டாம் என்றார். அதுவும் தப்பாகப் போயிற்று.

அவர் சந்து திரும்பியதும் வேன்காரர் ஆரம்பித்தார்.

“ஏம்மா, வக்கீலுக்கு எதுக்கு வீட்டுச் சாவி? கேஸ்ல கேக்குறது கிடங்குச் சாவி. இவ கேக்குறது உன் வாசக்கதவு.”

“அதான் எனக்கும் புரியல.”

“புரியறதுக்கு என்ன இருக்கு. இந்தச் சாவியைக் கொண்டுபோய்ப் போலீஸ்கிட்ட குடுப்பா. பாருங்க, இந்த ஆளு எந்தப் பூட்டுக்கும் கையாலயே சாவி போடுவான்னு அவன் எழுதிக்குவான். கோர்ட்டு பிடிச்சு வச்சிருக்கு, அதே கோர்ட்டு வக்கீலும் குடுக்குது. ஒரே கை. ஒரு கையால அடிச்சு, அதே கையால தடவிக் குடுக்குறாங்க.”

“தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?”

“தெரியல அக்கா” என்றேன். எனக்கும் அந்தச் சாவியை அவர் பார்த்த விதம் பிடிக்கவில்லை.

அன்று மாலையே வேன்காரர் புதுப் பூட்டு வாங்கி வந்து மாட்டினார். பழைய பூட்டைக் கழற்றியதும் அக்கா அதன் இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு புருஷன் சாவி ராவுகிற மரக்கட்டை முன்னால் உட்கார்ந்தார். அரத்தை எடுத்து, இரண்டு சாவியின் பற்களையும் தட்டையாக ராவித் தள்ளினார். பித்தளைத்தூள் மடியில் விழுந்தது. வேண்டாத சாவியை அப்படித்தான் தூக்கிப் போட வேண்டும். பல்லோடு போட்டால் எவனாவது எடுத்துக்கொள்வான். இது அவர் புருஷனிடம் கற்றது.

நாங்கள் மூவரும் அன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தோம். வேன்காரர் கொண்டுவந்த உடைந்த பிஸ்கட்டுகளை டீயில் நனைத்துச் சாப்பிட்டோம்.

வழக்கு இதுதான். கடைத்தெருவில் மின்சாமான் வியாபாரி ஒருவருக்குக் கிடங்கு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து பதினெட்டுச் சுருள் செம்புக்கம்பி போய்விட்டது. பூட்டு உடைபடவில்லை. பூட்டிலேயே ஒரு கள்ளச்சாவி தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்புறம் வங்கிச் சுவரோரத்தில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறவர் சாவிக்காரர். இரண்டு மாதத்துக்கு முன்பு வியாபாரி சாவியை வீட்டில் மறந்துவிட்டு வந்தபோது, அந்தப் பூட்டைக் கம்பியால் திறந்து கொடுத்தவரும் அவர்தான். கள்ளச்சாவி மெஷினில் வெட்டியதல்ல, கையால் ராவியது என்று பூட்டு நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தெருவில் சாவி போடுகிற மற்ற இரண்டு பேரும் மெஷின் வைத்திருக்கிறார்கள். கையால் ராவுகிறவர் இவர் ஒருவர்தான். போலீசுக்கு அதற்கு மேல் தேடத் தேவையிருக்கவில்லை. கம்பி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவர் பிடிபட்ட வாரம் இரும்புக்கடையில் பூட்டு தீர்ந்துபோனது. தெருவே பூட்டு மாற்றியது. பல் டாக்டர், தையல்காரர், பள்ளி வாட்ச்மேன், எல்லோரும். அவரிடம் சாவி போட்டதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் என்னிடமும் வந்து, “மாடிக்கும் மாத்திடலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நம்பிக்கையால் அல்ல. என் அறையில் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு நாங்கள் மூவரும் போனோம். அக்கா தைத்து முடித்த பைகளை வழியில் கடையில் இறக்கிவிட்டு வந்ததால் தாமதம். நீதிமன்ற வராந்தாவில் ஈரக்குடைகளின் வாசம். சாவிக்காரரை இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் பார்த்தோம். தாடி வளர்ந்திருந்தது. விரல் நகங்களிலிருந்த கறுப்பு போயிருந்தது. அக்கா அதைத்தான் முதலில் கவனித்தார். “கை வெளுத்துப் போச்சு” என்றார்.

சாப்பாட்டு நேரம் வராந்தாவின் கோடியில் வக்கீலம்மாவைப் பார்த்தோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரசு வக்கீல். காலையில் நீதிபதி முன்னால் சாவிக்காரரைத் ‘தொழில்முறைத் திருடர்’ என்று சொன்ன அதே ஆள். வக்கீலம்மா டிபன் டப்பாவை அவர் பக்கம் நீட்டினார். அவர் அதிலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்துக்கொண்டு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வேன்காரர் என் தோளைத் தொட்டார். “பாத்துக்கோ தம்பி. முட்டை அவருக்கு, ஓடு நமக்கு.”

பஸ்ஸில் வரும்போது அக்கா கேட்டார். “அவங்க எங்களைப் பத்திதான் சிரிச்சாங்களா?”

“இருக்காது அக்கா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை வக்கீலம்மா சொல்லாமல் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயில். மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. சந்தில் எல்லா வீட்டு மெத்தைகளும் வெயிலுக்கு வந்திருந்தன. வேன்காரர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீலம்மா எனக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே போய், தையல் மெஷின் முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் ஒரு மெத்தை போட்டிருந்தது. உட்கார்ந்தவர் கொஞ்சம் அசைந்தார்.

“மெத்தை கல்லு மாதிரி இருக்கே.”

“பழசு” என்றார் அக்கா.

“நான் அன்னிக்குக் கேட்ட சாவி. இப்ப எனக்கு அது வேணும். வியாழக்கிழமை பூட்டு நிபுணரைக் குறுக்கு விசாரணை பண்ணப்போறேன்.”

வேன்காரர் ஈரக்கையோடு உள்ளே வந்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

“அது இல்ல மேடம்.”

“இல்லன்னா?”

“பூட்டை மாத்திட்டோம்.”

“சாவி?”

“பல்லை ராவிட்டேன்.”

வக்கீலம்மா பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். எழுந்து தரையில் உட்கார்ந்தார், ரெக்சின் துண்டுகளுக்கு நடுவில். மூலையில் கிடந்த மரக்கட்டையைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் குதிகாலை வைத்து அழுத்தினார். பேனாவை அரம்போலப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

“ஜெயில்ல அவர்கிட்ட, எப்படி ராவுவீங்க, செஞ்சு காட்டுங்கன்னு கேட்டேன். இப்படிச் செஞ்சு காட்டினார். சரியா?”

“சரிதான். சாவியை இறுக்கிப் பிடிக்க அவருக்கு வைஸ் கிடையாது. ரோட்ல எங்க மாட்டுறது? காலால அழுத்திக்கிட்டு இழுப்பார்.”

“இழுத்து ராவினா அரம் அவர் பக்கம் இறங்கும். ஒவ்வொரு பள்ளமும் அவர் பக்கம் சரிஞ்சிருக்கும், அந்த ஓரத்துல பிசிறு நிக்கும். உங்க கழுத்துல தொங்கின சாவியில அப்படித்தான் இருந்துச்சு. கிடங்குப் பூட்டுல இருந்த சாவியை கோர்ட்ல வாங்கிப் பாத்தேன். அதுல பள்ளம் எல்லாம் சமம். அது வைஸ்ல மாட்டி, நின்னுக்கிட்டு, தள்ளி ராவினது. கையால ராவினதுதான். ஆனா இந்தக் கை இல்ல.”

அறையில் தண்ணீர் சொட்டும் சத்தம். வேன்காரரின் கையிலிருந்த துணி.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார் வேன்காரர்.

“அன்னிக்கு எனக்கே நிச்சயம் இல்ல. நிச்சயம் இல்லாம ஆசை காட்டக்கூடாது. தப்பு என்னோடதும்தான்.”

“இப்ப அவரையே கோர்ட்ல ராவச் சொல்லலாமே” என்றேன்.

“சொல்லலாம். வேணும்னே இழுத்துக் காட்டுறான்னு அரசு வக்கீல் சொல்லுவார். பழசு வேணும். கேஸுக்கு முன்னாடி போட்டது.” வக்கீலம்மா அக்காவைப் பார்த்தார். “ராவும்போது தப்பாப் போன சாவி இருக்குமில்ல. கெட்டுப் போனது. அதையெல்லாம் என்ன செய்வார்?”

அக்கா ஜிப் ஒன்றை எடுத்து மூடித் திறந்தார்.

“தூக்கிப் போட்டுடுவார்.”

“எங்க?”

“எங்கயோ.”

வக்கீலம்மா எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அக்கா திடீரென்று கேட்டார்.

“மேடம், நீங்க தோத்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?”

“ஒண்ணும் இல்ல.”

“ஜெயிச்சா?”

“ஒண்ணும் இல்ல. ரெண்டுக்கும் கோர்ட்டு குடுக்குற ஒரே படிதான். அதுவும் ஆறு மாசம் கழிச்சு வரும்.”

“அப்ப எதுக்கு உழைக்கணும்?”

“சாவி திறக்கலன்னு ஆள் திரும்பி வந்தா உங்க வீட்டுக்காரர் என்ன செய்வார்?”

“வேற போட்டுக் குடுப்பார்.”

“எதுக்கு? காசு வாங்கியாச்சே.”

வேன்காரர் குறுக்கே கேட்டார். “அரசு வக்கீலுக்கு முட்டை குடுக்குறது எதுல சேத்தி?”

வக்கீலம்மா முதல் தடவையாக அவரை முழுதாகப் பார்த்தார். “தினமும் ஒரே கட்டிடத்துல வேலை பாக்குறோம். உக்காந்து சாப்பிட ஒரே பெஞ்சுதான் இருக்கு. அவர் பசியோட இருந்தா மத்தியானத்துல கூடுதலாக் கத்துவார். அது என் கட்சிக்காரருக்கு நல்லதில்ல.”

போகும்போது நாற்காலி மெத்தையைக் கையால் ஒரு தடவை தட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அக்கா கதவைச் சாத்தினார். நாற்காலியை அறையின் நடுவுக்கு இழுத்தார். மெத்தையை எடுத்து மடியில் வைத்தார். அது சலசலத்தது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாவிக்காரர் கெட்ட சாவியைத் தூக்கிப் போடுகிறவர் அல்ல. பல்லை ராவித் தள்ள நேரம் கிடைக்கும்வரை ஒரு கம்பியில் கோத்து வைப்பார். நேரம் கிடைப்பதில்லை. பதினோரு வருடக் கெட்ட சாவிகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டுச் சாவிக்கு ஒரு நூலளவு மட்டும் தவறியது. போலீஸ் அவரைத் தெருவில் பிடித்த தகவல் வந்ததும், வீட்டைச் சோதிக்க வருமுன், அக்கா அந்தக் கம்பிச்சுருளை மெத்தைக்குள் வைத்துத் தைத்து, அதன்மேல் உட்கார்ந்து பை தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். போலீஸ் அலமாரியை உதறிவிட்டுப் போனது.

“எத்தனை இருக்கும் அக்கா?”

“நூத்தி எழுபத்தி ஆறு. எண்ணினேன்.”

“வேண்டாம்மா” என்றார் வேன்காரர். குரல் இறங்கியிருந்தது. “நல்லா யோசி. நூத்தி எழுபத்தி ஆறு வீட்டுச் சாவி. இதைக் கோர்ட்ல கொண்டுபோய்க் கொட்டினா என்ன சொல்லுவான்? ஒரு கிடங்கு இல்ல, ஊரையே திறக்க வச்சிருந்தான்னு சொல்லுவான். இந்தம்மா நல்லவளா இருந்தா சரி. இல்லன்னா நீயே உன் புருஷன் தலைல பாறாங்கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி.”

“தெரியும்ணே.”

“பல்லு சரிஞ்சிருக்கு, சரியலன்னு கதை விடுறா. நமக்கு என்ன தெரியும்?”

“அது கதை இல்ல” என்றார் அக்கா. “அவர் போட்ட சாவி புதுசுல விரலைக் கிழிக்கும். ஒரே பக்கம்தான் கிழிக்கும். கல்யாணம் ஆன நாளா எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்குத் தோணல. அந்தம்மாவுக்கு ஒரு தடவை பாத்ததும் தோணிடுச்சு.”

“அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“எனக்கும்தான்” என்றார் அக்கா.

அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேப்பரை மடித்தேன். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. சில காலமாகவே எனக்கு அப்படித்தான். யாராவது என் பதிலுக்குக் காத்திருந்தால் அவர்கள் வேறு யாரிடமோ பேசுவதுபோல இருக்கும்.

அக்கா ஞாயிறும் திங்களும் அந்த மெத்தைமேல் உட்கார்ந்தே தைத்தார். இருபத்தி இரண்டு பைகள். மெஷின் சத்தம் மாடிவரை கேட்டது. நடுவில் நடுவில் நின்றது. செவ்வாய்க்கிழமை காலை, நான் அலுவலகம் கிளம்பும்போது, கதவு திறந்திருந்தது. அக்கா மெத்தையின் தையலை பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தையலாக.

“இன்னிக்கு லீவு போட முடியுமா தம்பி? என்கூட வரணும். அண்ணனுக்குச் சொல்லல.”

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. பாதி அறை. மீதிப் பாதி இன்னொரு வக்கீலுடையது. நடுவில் பீரோவைத் தடுப்பாக நிறுத்தியிருந்தார்கள். அக்கா தான் தைத்த பள்ளிக்கூடப் பை ஒன்றை மேசைமேல் வைத்தார். மேசை அதிர்ந்தது. ஜிப்பைத் திறக்காமல் அதன்மேல் கை வைத்துக்கொண்டார்.

“மேடம், நான் பொய் சொன்னேன்.”

“தெரியும். அதுமேலதான் உக்காந்திருந்தேன்.”

அக்கா திகைத்துப் போனார். “அப்பவே எடுத்திருக்கலாமே.”

“நான் எடுத்தா அது பறிச்ச மாதிரி. நீங்க குடுக்கணும்.” வக்கீலம்மா பையைத் தொடவில்லை. “இப்ப என் கேள்வி ஒண்ணு. முதல்ல இல்லன்னீங்க, இப்ப கொண்டு வந்திருக்கீங்க. இதெல்லாம் அவர் போட்டதுன்னு நான் எப்படி நம்புறது? நீங்க இந்த ரெண்டு நாள்ல உக்காந்து ராவினது இல்லன்னு?”

அக்காவின் முகம் மாறியது. இரண்டு மாதமாக அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வை இப்போது அவர்மேல் விழுந்தது. பையை இழுத்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. ஜிப்பைத் திறந்தார். கம்பிச்சுருளைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்தார். பழைய சாவிகள் பச்சை பிடித்திருந்தன. சில இரும்புச் சாவிகள் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

“துருவை என்னால ராவ முடியாது மேடம்.”

வக்கீலம்மா ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். பத்து, இருபது, முப்பது சாவிகள் பார்த்தார். நாங்கள் ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“எல்லாம் அவர் பக்கம்தான் சரிஞ்சிருக்கு” என்றார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார். “ஆனா ஒரு ஓட்டை இருக்கு. இதெல்லாம் பூட்டில்லாத சாவி. எங்கயோ பொறுக்கினதுன்னு சொல்லுவாங்க. ஒரே ஒரு சாவி வேணும். இன்னாருக்கு, இன்ன நாள்ல, என் கண்ணு முன்னாடி இவர்தான் போட்டாருன்னு ஒரு ஆள் கூண்டுல ஏறிச் சொல்லணும். தெருவுல நாப்பது பேரைக் கேட்டேன். எல்லாரும் பூட்டு மாத்தியாச்சு. எல்லாரும் அவர்கிட்ட சாவியே போட்டதில்லையாம்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்குத் தெரியும். நான் சாவி போட்ட நாள் அவரும் வாசலில் இருந்தார். இத்தனை நாளும் தெரிந்தே கேட்காமல் இருந்திருக்கிறார். நான் அதை மறந்தவன் இல்லை. அந்தப் பக்கம் நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

“என்கிட்ட ஒண்ணு இருக்கு” என்றேன்.

மாடியில் என் அறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் அது பதினான்கு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு நூல் கட்டியது. நூல் நான் கட்டியதல்ல. எடுத்தபோது சுவரில் சாவியின் வடிவத்தில் ஒரு சுத்தமான இடம் தெரிந்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் பிசிறு. வந்த புதிதில் அவள் அதில் விரலைக் கிழித்துக்கொண்டு, கீழே போய் சாவிக்காரரிடம் சண்டை போட்டாள். அவர் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக் கொடுத்தார். போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். வக்கீலம்மா கேட்டதற்கு நாள், இடம் சொன்னேன். அரசு வக்கீல் எழுந்தார்.

“உங்க அறைக்கு மொத்தம் எத்தனை சாவி?”

“ரெண்டு.”

“ஒண்ணு உங்க பையில இருக்கு. இது யார் உபயோகிச்சது?”

“என் மனைவி.”

“அவங்களைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா?”

“முடியாது.”

“ஏன்?”

“இறந்துட்டாங்க.”

அவர் தன் காகிதத்தைப் பார்த்தார். “வேற கேள்வி இல்லை” என்றார். முட்டை சாப்பிட்ட மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சாவிக்கு எண் கொடுத்து, காகித உறையில் போட்டு, சிவப்பு நூலின் முனை வெளியே தெரிய அரக்கு வைத்தார்கள். பூட்டு நிபுணரைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா அந்த மரக்கட்டையையே கொண்டுவந்திருந்தார். நிபுணர் முதலில் சிரித்தார். பிறகு பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். கம்பிச்சுருளில் இருபது சாவிகள், என் மனைவியின் சாவி, கிடங்குச் சாவி. கடைசியில், “ரெண்டும் ஒரே கை என்று உறுதியாகச் சொல்ல முடியாது” என்றார். வேறு கை என்று சொல்வீர்களா என்று வக்கீலம்மா கேட்டார். “அப்படியும் இருக்கலாம்” என்றார். அதற்கு மேல் அவரை நகர்த்த முடியவில்லை. அரசு வக்கீல், வேன்காரர் பயந்ததைப் போலவே, ஊரைத் திறக்கும் கொத்து என்று அரை மணி நேரம் பேசினார். அக்கா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு கேட்டார். அந்த அரை மணி நேரமும் அவர் வக்கீலம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுதலை.

“அப்ப சந்தேகம் இன்னும் இருக்குன்னு அர்த்தமா?” என்று அக்கா கேட்டார்.

“காகிதத்துல இருக்கும்” என்றார் வக்கீலம்மா. அதற்குள் அவருக்கு அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா ஒரு புதுப் பையை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. இலவச வழக்கில் எதையும் வாங்கக்கூடாதாம். அக்கா பையைத் திரும்பக் கொண்டுவந்தார். “டீயும் குடிக்கல, பையும் வாங்கல” என்றார் வேன்காரர். அவர் குரலில் இன்னும் அந்தக் கதவோரம் இருந்தது.

வேனில்தான் வீட்டுக்கு வந்தோம். பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் சாவிக்காரர். சந்தில் இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்து மூடின. அவர் தன் வாசலில் வந்து நின்றார். புதுப் பூட்டைப் பார்த்தார். அக்கா கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“மெஷின் வெட்டு.”

“கடைல வாங்கினது” என்றார் அக்கா.

“எத்தனை குடுத்தான்?”

“மூணு. ரெண்டாவது உள்ள இருக்கு.”

“மூணாவது?”

வேன்காரர் சட்டைப் பையில் கைவிட்டுத் தேடினார். எடுத்துக் கொடுத்தார். சாவிக்காரர் அதை வாங்கி அக்காவின் கையில் வைத்தார். மச்சானை ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனார்.

மாலை வெயில் இருக்கும்போதே மாடிக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தார்.

“அவங்க சாவி கோர்ட்ல இருக்காம்.”

“ஆமா. அப்பீல் காலம் முடிஞ்சு மனு போட்டா குடுப்பாங்களாம்.”

“நாளாகும்.” கையை நீட்டினார். “உங்க சாவியைக் குடுங்க தம்பி. இன்னொண்ணு போட்டுத் தரேன். நல்லாத் தேய்ச்சுத் தரேன், கிழிக்காது.”

கொடுத்தேன். அவர் பள்ளங்களை விரலால் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

“வேண்டாம்” என்றேன். “ஒண்ணு போதும்.”

அவர் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, படியிறங்கிப் போனார்.